இரண்டே சீட்டு போதும்

விவாகரத்துப் பேச்சு முடியும் தறுவாயில் அவர் எனக்கு விட்டுக்கொடுத்தது காரை மட்டும்தான். தாம்பரத்தில் வக்கீலின் அலுவலகத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். "அத நீயே வச்சுக்கோ. பழைய டர்போ டீசல். எடைக்குத்தான் போகும்," என்றார். எங்களுக்குக் கல்யாணமான வருஷம் வாங்கிய செடான் அது. சரி என்று தலையாட்டிவிட்டு, அந்த வாரமே ஆர்.சி.யை என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன்.

பதினோரு வருஷத்தில் அந்த வண்டியை நான் ஓட்டியது இரண்டே முறை. இரண்டு தடவையும் அவருக்குக் காய்ச்சல். கல்லூரியில் படிக்கும்போதே லைசென்ஸ் எடுத்தவள் நான். "டர்போ வண்டி உன் கைக்கு அடங்காது" என்பது அவர் தீர்ப்பு. அவர் ஓட்டுவார், பக்கத்தில் மாமியார் உட்காருவார். பின் சீட்டில் நானும் நாத்தனாரும். கிருத்திகைக்குக் குன்றத்தூர் போனாலும், உறவில் கல்யாணம் என்று காஞ்சிபுரம் போனாலும் இந்த வரிசை மாறியதில்லை.

நாத்தனார் என்னைவிட ஐந்து வயது சின்னவள். செங்கல்பட்டு கோர்ட்டில் ஸ்டெனோ. கல்யாணம் வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டுச் சேலையூரில் தனியாக வீடு எடுத்துக்கொண்டவள். நான் மேடவாக்கத்தில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்குக் குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, கையில் பூரி மாவோடு வந்து நின்றாள். நான் வாசலிலேயே தயங்கினேன்.

"நீங்க அண்ணாவதான் டிவோர்ஸ் பண்ணீங்க, அண்ணி. என்னைப் பண்ணல," என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

எனக்கு ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. வாகன கிளெய்ம் பிரிவு. நசுங்கிய கார்களின் படங்களைத்தான் தினமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் ஒரு கிளெய்ம் வந்தது. கோயிலுக்குப் போகும்போது கார் கவிழ்ந்துவிட்டது என்று எழுதியிருந்தார்கள். படத்தில் பார்த்தால் காருக்குள் கூண்டு மாதிரி இரும்புக் குழாய்கள், தரையில் ஒரு ஹெல்மெட், கூரையெல்லாம் செம்மண். மண் பாதையில் ராலி பந்தயம் ஓட்டியிருக்கிறார்கள். பந்தயத்துக்குப் பாலிசி செல்லாது, மறுத்து எழுதிவிட்டேன். ஆனால் அந்தப் படத்தை மூட மனம் வரவில்லை. மூன்று முறை உருண்ட வண்டி. கூரை ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை. ஓட்டியவர் தானே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்திருக்கிறார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பார்க்கிங்கில் தூசி படிந்து நின்ற என் காரைச் சுற்றிச்சுற்றி வந்தேன். அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் யாரோ, 'தண்ணீர் லாரி திரும்ப முடியவில்லை, பி பிளாக் பழைய வண்டியை அகற்றவும்' என்று மறுபடியும் போட்டிருந்தார்கள். 'இந்த ஞாயிறு அகற்றப்படும்' என்று பதில் போட்டேன். எங்கே கொண்டுபோவது என்று அப்போது எனக்கே தெரியாது.

கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெருவில், ஒரு மெக்கானிக் இருந்தார். என்னைவிடப் பத்து வயது குறைவு. முன்பு ராலி வண்டிகளுக்கு வேலை பார்த்தவர் என்று அலுவலகத்துக்கு வரும், விபத்து வண்டிகளைப் பரிசோதிக்கும் சர்வேயர் சொல்லியிருந்தார். ஞாயிறன்று சர்ச்சில் பூசை முடிந்து வந்துதான் ஷட்டரைத் திறப்பார் என்றார்கள். நாத்தனாரும் நானும் வெளியே காத்திருந்தோம்.

இந்தக் காரை ராலிக்குத் தயார்செய்ய வேண்டும், ஓட்டப்போவது நான் என்று சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. பானெட்டைத் திறந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாயை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இன்னா மேடம், இத்த வித்துட்டு சின்னதா ஒரு பெட்ரோல் வண்டி வாங்கினா வேலை ஈஸி. இது முன்னாடி கனம். மண்ணுல மூக்க நீட்டிகினு நேராப் போவும், திரும்பாது."

"இதத்தான் ஓட்டணும்."

"ஏன், ராசியான வண்டியா?"

"இல்ல. அதனாலதான்."

அவர் நாத்தனாரைப் பார்த்தார். "நீங்க யாரு மேடம்?"

"நேவிகேட்டர்," என்றாள் அவள். ராலியில் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்பவரைக் குறிக்கும் அந்த வார்த்தையை முந்தின நாள்தான் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள்.

மெக்கானிக் ஒரு நிபந்தனை போட்டார். "பவர ஏத்தச் சொல்லி என்னைக் கேக்கக் கூடாது. இருக்கற டர்போவே ஆரம்பத்துக்குப் போதும். மொதல்ல வண்டி நிக்கணும், திரும்பணும், உடையக் கூடாது. மத்ததெல்லாம் அப்பால." நானும் ஒரு நிபந்தனை போட்டேன். கூண்டில் ஒரு வெல்டிங்கைக்கூடச் சோதிக்காமல் விடக் கூடாது. எங்கே அடிபட்டால் மனிதர் பிழைப்பார், எங்கே பட்டால் பிழைக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அது என் தொழில்.

அடுத்த ஞாயிறு உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றினோம். கார்ப்பெட், கதவு அட்டைகள், ஏசி, ஸ்பீக்கர். பிறகு மெக்கானிக் ஸ்பேனரை என்னிடம் நீட்டி, "பின் சீட்டுக்கு நாலே போல்ட்டு. நீங்களே அவுருங்க அக்கா," என்றார். எப்போது மேடம் அக்கா ஆனது என்று நான் கவனிக்கவில்லை. இரண்டு போல்ட்டை நான் அவிழ்த்தேன், இரண்டை நாத்தனார். சீட்டைத் தூக்கியபோது அடியில் காய்ந்த துளசி, ஒரு ஹேர்பின், அவள் தொலைத்துவிட்டதாகத் திட்டு வாங்கிய ஒற்றைக் கம்மல். கம்மலைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"அம்மா அன்னிக்குக் காஞ்சிபுரத்துல இருந்து திரும்பி வர்ற வரைக்கும் திட்டினாங்க," என்றாள். "நீங்க மட்டும்தான் குனிஞ்சு தேடினீங்க."

சீட்டை இருவரும் தூக்கிக்கொண்டு போய் ஷெட்டுக்கு வெளியே வைத்தோம். அழுகை வரும் என்று நினைத்தேன். பசிதான் வந்தது. எதிர்க்கடையில் ஆளுக்கு இரண்டு பரோட்டா சாப்பிட்டோம்.

கூண்டு ஏறியது. எஞ்சினுக்கு அடியில் கல் பட்டால் தாங்கும் தடிமனான தகடு வந்தது. புது ஷாக் அப்சார்பர், மண்ணைப் பிடிக்கும் டயர், உடம்பைக் கட்டிப்போடும் பெல்ட்டோடு இரண்டு பந்தய சீட்டு. கூண்டு வைத்த வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது என்பதால் அதற்குப் பிறகு எங்கே போனாலும் லாரியில் ஏறித்தான் போனது.

பழகுவதற்கு மெக்கானிக்கின் நண்பர் ஒருவர் இடம் கொடுத்தார். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலைக்கு உள்ளே, விற்காமல் கிடந்த பிளாட்டுகள். மண் ரோடு போட்டு, கல் நட்டு, அப்படியே விட்டிருந்தார்கள். அங்கேதான் டர்போவின் குணம் எனக்குப் பிடிபட்டது. மிதித்தால் உடனே வராது. ஒரு மூச்சு யோசிக்கும், பிறகு முதுகில் கை வைத்துத் தள்ளியது போலப் பாயும். வளைவு முடிந்த பிறகு மிதித்தால் தாமதம், வளைவுக்குள் இருக்கும்போதே மிதிக்க வேண்டும். நாலு ஞாயிறு அதைத் தப்பாகவே செய்தேன். ஐந்தாவது ஞாயிறு வண்டி சொன்னபடி கேட்டது. என் கைக்கு அடங்காத வண்டி இல்லை அது. பழக யாரும் எனக்கு நேரம் தரவில்லை, அவ்வளவுதான்.

பந்தயம் செங்கல்பட்டுக்கு அப்பால், ஒரு சவுக்குத் தோப்புக்குள். புதியவர்களுக்காக ஒரு கிளப் நடத்தியது. ஒரே மண் பாதை, மூன்று ஓட்டம். பதிவு மேசையில் இருந்தவர் என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தார்.

"டிரைவர் எங்க மேடம்?"

"நான்தான்."

"ஓ. இதுல ஹஸ்பெண்ட் பேரு காலியா இருக்கு."

"காலியாத்தான் இருக்கும்."

"அப்ப எமர்ஜென்சிக்கு யாரைக் கூப்பிடறது? ஒரு பேரு வேணும்."

நாத்தனாரின் பெயரை எழுதினேன். அவர் பட்டியலைப் புரட்டினார். "இவங்களும் அதே வண்டிலதானே வர்றாங்க? இவங்களுக்கும் அடிபட்டா?"

அது நியாயமான கேள்வி. அவள் பெயரை அடித்துவிட்டு மெக்கானிக்கின் பெயரை எழுதினேன். உறவுமுறை என்ற இடத்தில் 'மெக்கானிக்' என்றே போட்டேன். வண்டியைச் சோதித்தவர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கூண்டை ஒவ்வொரு மூட்டாகத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாப் போட்டிருக்காங்க," என்று ஸ்டிக்கரை ஒட்டினார்.

ஓட்டத்துக்கு முன் பாதையை மெதுவாக இரண்டு முறை சுற்றிப் பார்க்க விடுவார்கள். அப்போது நேவிகேட்டர் ஒவ்வொரு வளைவும் எந்தப் பக்கம், எவ்வளவு கூர்மை என்று எண் போட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் குறிப்பை எழுத முடியாமல் திணறினார்கள். நாத்தனார் கோர்ட்டில் சாட்சி சொல்வதை எடுப்பது போலச் சுருக்கெழுத்தில் எடுத்துத் தள்ளினாள். இரண்டாம் சுற்றின் பாதியில் நிறுத்தச் சொல்லி, இறங்கி, ஒரு சவுக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, "அந்த ரெண்டு கல்லு இடதா வலதா, அண்ணி?" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

முதல் ஓட்டம் பயந்து ஓட்டினேன். கடைசியிலிருந்து மூன்றாவது.

இரண்டாம் ஓட்டத்தில் பாதியைத் தாண்டும்போது டப் என்று ஒரு சத்தம். பின்னால் கரும்புகை. மிதித்தால் வண்டி முனகுகிறது, போகவில்லை. டர்போவின் காற்றுக் குழாய் கழன்றுவிட்டது.

"நிறுத்திடலாமா?" என்றேன்.

"எஞ்சின் ஓடுதா?"

"ஓடுது. இழுக்கல."

"அப்ப ஓட்டுங்க. வலது நாலு, அப்புறம் பள்ளம்," என்றாள். நீதிபதி முன்னால் படித்துக்காட்டும் அதே குரல்.

மீதித் தூரம் ஒரு மாட்டுவண்டியைப் போலப் போனோம். பின்னால் கிளம்பிய வண்டி ஒன்று ஹாரன் அடித்துத் தாண்டிப் போனது. முடிவுக் கோட்டில் நின்ற பையன்கள் புகையைப் பார்த்துக் கை தட்டினார்கள். கேலியா பாராட்டா தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

மெக்கானிக் பானெட்டுக்குள் தலையை விட்டார். "கிளாம்ப்பு லூசு. என் தப்புதான் அக்கா, ஒரே பேஜாராப் பூட்சு. ரப்பர் கீது, இப்ப சரி பண்ணிடறேன். ஆனா மூணாவது ஓட்டாட்டியும் ஒண்ணும் கொறஞ்சு பூடாது."

"குறையும்," என்றேன்.

மூன்றாவது ஓட்டத்தை நன்றாகவே ஓட்டினேன் என்று என்னால் சொல்ல முடியும். அவள் சொல்லச் சொல்லப் பார்க்காமலே நம்பித் திருப்பினேன். வளைவுக்குள் மிதித்தேன், அது யோசித்தது, பாய்ந்தது. கடைசி இடது வளைவில் பின்பக்கம் விலகி வலது பின் கதவு ஒரு சவுக்கு மரத்தில் உரசியது. கதவு நெளிந்தது. நாங்கள் நிற்கவில்லை. அந்த ஓட்டத்தில் எங்கள் நேரம் பத்தொன்பது வண்டிகளில் எட்டாவது. இரண்டாம் ஓட்டத்தின் ஊர்வலத்தையும் சேர்த்தால் மொத்தத்தில் பதினாறாவது. எங்களுக்குப் பின்னால் இருந்த மூன்றும் முடிக்காத வண்டிகள்.

திரும்பும்போது மெக்கானிக்கின் வேனில் மூவரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். கார் முன்னால் லாரியில். நாத்தனார் குடும்பக் குழுவில் படத்தைப் போட்டிருக்கிறாள் என்று அவள் செல்போன் அடித்தபோதுதான் தெரிந்தது. அவள் அண்ணன். ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க வண்டிய? பின்னாடி கதவே போயிடுச்சு. எப்படி வச்சிருந்தேன் தெரியுமா அத?"

"தெரியும்ணா. பின்னாடி உக்காந்துதானே பார்த்தோம்."

"அவ கைல குடுத்தா இப்படித்தான் ஆகும்னு அப்பவே சொன்னேன். நாளைக்கு யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா?"

நான் ஃபோனை வாங்கினேன். விவாகரத்துக்குப் பிறகு அவரிடம் நான் பேசியது அதுதான் முதல் முறை. "எட்டாவது வந்தோம். அடுத்தது ரெண்டு மாசத்துல. பார்க்கணும்னா வாங்க, டிக்கெட் கிடையாது." பதிலுக்குக் காத்திராமல் அணைத்துவிட்டேன்.

மெக்கானிக் கியரை மாற்றினார். பிறகு, "மொத்தத்துல பதினாறாவது அக்கா," என்றார்.

"அவருக்கு எட்டாவது," என்றாள் நாத்தனார்.

பெருங்களத்தூர் நெரிசலில் லாரியும் அதன் பின்னால் எங்கள் வேனும் நின்றன. பக்கத்துப் பேருந்தில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எங்கள் காரை எட்டிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் தலையில் வைத்த பூ சரியாமல் பிடித்துக்கொண்டு, "ஆக்ஸிடென்ட்டா?" என்று கேட்டார்.

"இல்லைங்க," என்றேன். "ஓட்டினோம்."