செல்வன் ஷினோ, வயது ஆறு

நெய்யூரில் ஸ்மைலினைப் பற்றிக் கேட்டால் ரெண்டு விஷயம் சொல்வார்கள். மார்த்தாண்டத்தில் ஒரு பிளக்ஸ் கடையில் டிசைன் செய்கிற பெண். அதிகம் வாய் திறக்காதவள். மூணாவதாக ஒன்று உண்டு, அதை யாரும் சொல்ல மாட்டார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு ஆண்குழந்தை பிறந்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்குள் இருந்தது. அப்புறம் போய்விட்டது.

பெரிய ஆள் ஒருத்தர் கண்ணை மூடினால் தெருவே எழுந்து துஷ்டி கேட்கப் போகும். போய், கூட உட்கார்ந்து, கையைப் பிடித்து, ஒரு பாட்டம் அழுதுவிட்டு வரும். பச்சைப்பிள்ளைக்கு அது கிடையாது. கேட்கப் போனால் தாய்க்கு மறக்காதாம், அடுத்தது தங்காதாம். யார் கண்டுபிடித்த ஞாயமோ, நல்லா வந்தது போங்கள்! ஸ்மைலின் புருஷன் ஜேசுதாசும் அவன் அண்ணனும் ஆஸ்பத்திரியிலிருந்தே நேரே கொண்டுபோய் அடக்கிவிட்டார்கள். அவள் வெறுங்கையோடு ஆட்டோவில் வந்து இறங்கியபோது தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. பிள்ளைக்கு ஒரு பேர்கூட வைத்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் 'ஸ்மைலின் குழந்தை' என்றே இருந்தது.

ஒரு மாதத்தில் ஜேசுதாஸ் அரபு நாட்டில் தமாமுக்குத் திரும்பிப் போய் ஏசி மெக்கானிக் வேலையில் சேர்ந்தான். போனில் தினமும் பேசுவான். சாப்பிட்டியா, கரண்டு பில் கட்டியாச்சா, அங்க மழை உண்டா. பிள்ளையைப் பற்றி மட்டும் பேசமாட்டான். அவள் ஒருதடவை ஆரம்பித்தாள். "மறந்துரு ஸ்மைலின், அதப் பேசி என்னத்துக்கு?" என்று சொல்லிவிட்டான். அவன் குரல் உடைந்ததா, லைன் உடைந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவளோ குழந்தை போய் இருபதாம் நாள் வேலைக்குப் போனவள். வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை, போனாள், அவ்வளவுதான். அன்றைக்கு முதல் வேலையாக வந்தது எண்பத்துநாலு வயசுப் பெரியவர் ஒருவரின் கண்ணீர் அஞ்சலி. போட்டோவில் மீசையைச் சுத்தம் செய்து, ஓரத்தில் ரெண்டு விளக்கு வைத்து, எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. "அவளுக்குக் கல்லு மனசு பாத்துக்கிடுங்க" என்று கடைக்கு வந்த யாரோ சொன்னது அவள் காதிலும் விழுந்தது.

அந்தக் கடையில் சாவு வேலைக்கென்று ஒரு முறை உண்டு. கல்யாண பிளக்ஸ் என்றால் நாலு தடவை காட்டி, நாலு தடவை திருத்தி, மாமனார் பேர் விட்டுப்போச்சு என்று ஐந்தாவது தடவையும் திருத்தி, அப்புறம்தான் மிஷினில் ஏறும். சாவு வேலை அப்படியில்லை. கம்ப்யூட்டரில் 'அஞ்சலி' என்று ஒரு இடம் இருக்கிறது. டிசைன் முடித்து அதில் போட்டால் போதும், மிஷின் பார்க்கிற பகவதியப்பன் வேறு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் அதை அடிப்பார். சரியா என்று போன் போட்டுக் கேட்க மாட்டார். செத்த வீட்டுக்காரனிடம் என்ன கேள்வி என்பது அவர் கட்சி.

ஸ்மைலினுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு பஸ்ஸில் பார்க்கிற ஜப்பான் கார்ட்டூன் தொடர்கள். நெய்யூரிலிருந்து மார்த்தாண்டம் போக முக்கால் மணி நேரம், நெரிசலில் மாட்டினால் ஒன்றேகால். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போனைப் பார்த்தபடி போவாள். கார்ட்டூன் என்றதும் எலியும் பூனையும் என்று நினைத்துவிடக்கூடாது. பெரியவர்கள் பார்த்துவிட்டு ரெண்டு நாள் சோறு இறங்காமல் திரிகிற கதைகள் அதில் உண்டு. மாவட்டத்துக்குள்ளே இதைப் பார்க்கிற அறுபது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். குளச்சலில் மொபைல் கடை வைத்திருக்கிற ஷமீர்தான் அதற்கு அட்மின். ஒரு தொடர் முடிந்தால் ஆளாளுக்குக் கருத்து எழுதவேண்டும் என்பது அவன் சட்டம். ஸ்மைலின் படிப்பாள், எழுதமாட்டாள்.

இந்த வருடம் அவர்கள் பார்த்தது 'விளக்கில்லாத துறைமுகம்'. பன்னிரண்டு பாகம். ஒரு மீன்பிடி ஊரில் காய்ச்சல் பரவுகிறது. ஐஸ் பாக்டரியில் வேலை செய்கிற ஒரு அம்மாவுக்கு ஷினோ என்று ஆறு வயசுப் பையன். ஒன்பதாம் பாகத்தில் அவன் செத்துப்போகிறான். மறுநாள் காலை அவள் எழுந்து, அரிசி கழுவி உலையில் வைத்து, கையுறையை மாட்டிக்கொண்டு ஐஸ் உடைக்கப் போகிறாள். கடைசி வரைக்கும் அழுவதே இல்லை. ஸ்மைலின் அந்தப் பாகத்தைப் பார்த்த அன்று இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிக் குழித்துறைப் பாலம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

தொடர் முடிந்த சனிக்கிழமை குழுவில் கருத்துகள் கொட்டின.

"படம் வரஞ்சது செம. கதை இழுவை."

"அழ வைக்கணும்னே பிள்ளைய கொன்னுட்டானுவ. பாக்குதவன் கண்ணுல மொளகாப்பொடி தூவுத வேலை."

"எனக்கு ஒன்பதாம் பாகம் பாத்துட்டு டூட்டிக்குப் போகவே மனசில்ல மக்கா," என்று நர்ஸ் ஜிஷா எழுதினாள்.

ஷமீர் நீளமாக எழுதினான். "எல்லாம் சரி, அந்த அம்மா கேரக்டர்தான் பொய். எந்த உம்மாவும் பிள்ள மௌத்தான மறுநாளு அரிசி கழுவமாட்டா. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. இப்படி ஒரு பொம்பள உலகத்துல உண்டா? எழுதினவனுக்கு அம்மாவையே தெரியாது. பத்துக்கு நாலு."

அதற்குக் கீழே முப்பத்தொரு கட்டைவிரல். "கரெக்ட்டு" என்று பத்துப் பேர்.

ஸ்மைலினுக்கு உடம்பு முழுக்கத் தீப்பிடித்தது. உண்டுடா, இருக்கா, மார்த்தாண்டத்தில் பிளக்ஸ் கடையில் இருக்கா என்று எழுதத்தான் நினைத்தாள். விரல் ஓடவில்லை. பாவம், அவளுக்குக் கட்டுரை எழுதத் தெரியாது, வாதம் பண்ணத் தெரியாது. ஆறு வருடமாக அவள் எழுதிப் பழகியது ஒன்றே ஒன்று. கடைக் கம்ப்யூட்டரில் அதையே செய்தாள். மூணுக்கு ரெண்டு அடி. மேலே கண்ணீர் அஞ்சலி. நடுவில் ஷினோவின் சிரித்த முகம். செல்வன் ஷினோ, வயது 6. அதற்குக் கீழே ரெண்டு வரி.

'உன் அம்மா அழவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.'

அஞ்சலி என்றால் அடியில் ஆள் பேரும் ஊரும் இருக்கவேண்டுமே. 'வருந்தும்: ஸ்மைலின், நெய்யூர்' என்று போட்டாள். அதை அப்படியே குழுவில் அனுப்பினாள். அதுதான் அவள் கருத்து.

ரெண்டு நிமிஷத்தில் ஷமீர் பதில் போட்டான். "அக்கா செம எடிட்! சிரிச்சு செத்தேன்." அப்புறம் சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. ஜிஷாகூட ஒரு கைதட்டு போட்டிருந்தாள். ஸ்மைலின் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, தலைவலி என்றுகூட யாரிடமும் சொல்லாமல் மூணு மணிக்கே பஸ் ஏறிவிட்டாள். செய்த டிசைனைப் பழக்கதோஷத்தில் 'அஞ்சலி'க்குள் போட்டுவிட்டு வந்தது அவளுக்கு நினைவே இல்லை.

நாலு மணிக்கு பகவதியப்பன் அதைத் திறந்தார். முகம் கார்ட்டூன் மாதிரி இருந்தது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. இப்போதெல்லாம் போட்டோவை ஜப்பான் பொம்மையாக மாற்றி வைத்துக்கொள்ளாத ஆள் யார்? போன வாரம் ஒரு கல்யாண மாப்பிள்ளையையே அவர் அப்படி அடித்திருந்தார். பேரிலும் சந்தேகம் வரவில்லை. ஸ்மைலின், ஜாஸ்மி, ஜிஷா என்று பேர் வைக்கிற ஜில்லாவில் ஷினோ என்று ஒரு பிள்ளை இருந்தால் அதில் என்ன அதிசயம்? அடியில் பேரைப் பார்த்தார். மூணு மணிக்கே அவள் எழுந்து போனதை நினைத்தார். 'பாவம், வீட்டுச் சாவையும் சொந்தக் கையால செஞ்சி வச்சிட்டுப் போயிருக்கு. ஒரு வார்த்தை சொல்லல்லியே' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனுஷன். நாலு பிளக்ஸ் அடித்து, சட்டம் போட்டு, தன் கைக்காசில் ஆட்டோ பிடித்து நெய்யூருக்கு ஆள் அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது ஷினோ நெய்யூர் ஜங்ஷனில் சிரித்துக்கொண்டிருந்தான். கோயிலுக்குப் போகிற ரோட்டில் ரெண்டு இடம், ஸ்மைலின் வீட்டுத் தெருமுனையில் ஒன்று.

ஒன்பதரை மணிக்கு ஸ்மைலின் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் பக்கத்து வீட்டு லீலாபாய் வந்து நின்றாள். கோயிலுக்குக் கட்டிய வெள்ளைச் சேலை, கையில் வேதபுத்தகம். பின்னால் ஏழெட்டுப் பெண்கள், நாலைந்து ஆண்கள். ஆராதனை முடிந்து நேராக வந்திருக்கிறார்கள். ஸ்மைலின் சோப்புக்கையோடு எழுந்து வந்தாள். என்ன அக்கா என்று கேட்பதற்குள் லீலாபாய் அவள் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்க மக்ளே, ஒரு வாக்கு எங்ககிட்ட சொல்லப்படாதா? தனியா கெடந்து பொகஞ்சியாக்கும்!"

துஷ்டிக்கு வருகிறவர்கள் வந்ததும் கேள்வி கேட்கமாட்டார்கள். முதலில் கையைப் பிடிக்கவேண்டும், அழவேண்டும், உட்காரவேண்டும். செத்தது யார், எப்படி என்பதெல்லாம் அப்புறம்தான். அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஸ்மைலினுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அந்தப் பிடி விளங்கிவிட்டது. மூணு வருடமாக யாரும் அவள் கையை அப்படிப் பிடித்ததில்லை. தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. அது தன் சத்தம் என்று அவளுக்கே தெரியவில்லை. லீலாபாயின் தோளில் விழுந்து அழுதாள். அப்படி ஒரு அழுகையை அந்தத் தெரு கேட்டதில்லை. வந்த பெண்கள் எல்லாரும் கூடச் சேர்ந்து அழுதார்கள். ஆண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள்.

அழுது ஓய்ந்தபிறகு லீலாபாய் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"ஷினோ ஆருக்க பிள்ள மக்ளே? ஒனக்க தங்கச்சிக்க பிள்ளையா? பிளக்ஸுல பாத்தோம். மொகத்தப் பாத்தா வயிறு எரியுது."

அப்போதுதான் ஸ்மைலினுக்கு உறைத்தது. 'அஞ்சலி'க்குள் போட்டது, பகவதியப்பன், எல்லாம். உண்மையைச் சொன்னால் சிரிப்பாய்ச் சிரிக்கும் ஊர். பொம்மைக்குச் சாவு வீடு நடத்தினவள் என்று சாகிறவரைக்கும் பேர் நிற்கும். ஆமா, தங்கச்சி பிள்ளைதான் என்று ஒரு பொய் சொல்லிவிட்டால் இன்றைக்குத் தப்பிக்கலாம். சொல்ல வாயும் எடுத்தாள். ஆனால் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் கண்கள் எல்லாம் சிவந்திருந்தன. இவர்களிடம் இன்னொரு பிள்ளையின் பேரைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"அது நெசப் பிள்ள இல்ல அக்கா. போன்ல ஒரு ஜப்பான் கார்ட்டூன் கதை. அதுல வாற பிள்ள. கடையில தெரியாம அடிச்சிட்டாவ."

பலசரக்குக் கடை வைத்திருக்கிற ஒருவர் படாரென்று எழுந்தார்.

"கார்ட்டூனுக்கா? ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? கடையத் தொறக்காம ஓடி வந்தேன்! ஒரு பொம்மைக்கா இந்தக் கூப்பாடு போட்ட?"

"நான் அழுதது அதுக்கில்ல அண்ணா," என்றாள் ஸ்மைலின். "எனக்க பிள்ளைக்கு. பதினோரு நாளு இருந்தான். அன்னைக்கு நீங்க ஒருத்தரும் வரல்லியே. இந்த வீட்டுப் படிய ஒருத்தரும் மிதிக்கல்லியே. பொம்மைப் பிள்ளைக்கு இத்தன பேரு வந்திருக்கிய. எனக்க பிள்ளைக்கு ஒருத்தர் வரப்படாதா?"

எழுந்து நின்றவர் அப்படியே நின்றார். செருப்பை மாட்டவும் இல்லை, உட்காரவும் இல்லை. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வரப்படாதுன்னு சொல்லிக்கிட்டாவ மக்ளே," என்றாள் லீலாபாய். "ஒனக்கு நல்லதுன்னு நெனச்சோம். நான் சுவருக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு வராம இருந்தேன். தப்புதான். வந்திருக்கணும்."

அவள் ஸ்மைலினின் கையை விடவில்லை. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து, துஷ்டி வீட்டில் வழக்கமாகக் கேட்கிறமாதிரி, தெரிந்துகொள்ளவேண்டும் என்று கேட்டாள்.

"நாங்க ஆரும் அவனக் கண்டதில்லியே. பிள்ள ஆருக்க ஜாடை?"

மூணு வருடத்தில் முதல்தடவையாக ஒருவர் அவளிடம் அவனைப் பற்றிக் கேட்டார். ஸ்மைலின் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"காது அவனுக்க அப்பாக்கது அக்கா," என்றாள். "நெத்தி எனக்கது."