எழுபத்திரண்டில் ஒரு பங்கு எலுமிச்சை

எலுமிச்சம்பழ விதையால் ஒரு விமானத்தை உடைக்க முடியும். நான் நேரில் பார்த்திருக்கிறேன். உடைத்தவர் என் அப்பா, உடந்தை என் தங்கை, நாள் ஆயுத பூஜை.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. அம்மாவின் அண்ணன் வடக்கே ஒரு விமானத் தளத்தில் பராமரிப்பு வேலை பார்த்தார். அந்த மாமா என் பிறந்தநாளுக்கு ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். உள்ளே சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில் நூற்றுச் சொச்சம் துண்டுகள், ஒரு செய்முறைத் தாள், தண்ணீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர்கள். எல்லாவற்றையும் வெட்டி, உரசி, ஒட்டி, வண்ணம் பூசினால் நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவுள்ள சரக்கு விமானம் வரும். மாமா தினமும் கைவைத்துப் பழுதுபார்க்கும் அதே ரகம். போனில் அவர் சொன்னார்: "அவசரப்படாமச் செய்யித்தா. ஆயுத பூஜைக்கு லீவுல வாரேன். வந்து எம்புட்டுத் தப்பு இருக்குன்னு எண்ணிச் சொல்றேன்."

அவர் வேடிக்கையாகச் சொல்லியிருக்கலாம். நான் அதைப் பரீட்சைத் தேதியாக எடுத்துக்கொண்டேன். மாமா எண்ணத் தொடங்கினால் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். அந்த மூன்று மாதமும் எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

வேலையை ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, பெட்டியைத் தயாரித்தவர்களே தப்புச் செய்திருந்தார்கள். அப்பாவின் போனில் நிஜ விமானத்தின் படங்களைத் தேடி ஒப்பிட்டுப் பார்த்து ஒரு நோட்டில் எழுதினேன். ஜன்னல் ஒன்று அதிகம். விசிறி இதழ்கள் தடிமன். பின்கதவின் கோடு இடம் மாறியிருந்தது. இப்படி இருபத்து மூன்று. ஜன்னலைப் பசையும் பவுடரும் குழைத்து அடைத்தேன். இதழ்களை உப்புத்தாளால் தேய்த்தேன். ஒவ்வொன்றும் சரியானதும் நோட்டில் அடித்துவிட்டுத் தேதி போட்டேன்.

இந்தப் பொழுதுபோக்கில் உலகமெங்கும் இரண்டு கட்சி உண்டு என்பதும் அந்தப் போனில்தான் தெரியவந்தது. ஒரு கட்சி, தகட்டில் அடித்த ரிவெட் ஆணியைக்கூட எண்ணிப் பார்த்துச் சரியாகச் செய் என்றது. இன்னொரு கட்சி, சந்தோஷமாகச் செய், தப்பு இருந்தால் இருக்கட்டும் என்றது. வயதான ஆண்கள் இதற்காக ஒருவரை ஒருவர் பக்கம் பக்கமாகத் திட்டிக்கொண்டார்கள். நான் முதல் கட்சியில் சேர்ந்தேன். இன்றுவரை மாறவில்லை. அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பதுதான் இப்போது என் உத்தியோகமே.

என் வீட்டில் இருந்தவர்கள் இரண்டாவது கட்சி. ஆறு வயதுத் தங்கை தினமும் வந்து "எப்பக்கா பறக்கும்?" என்பாள். பறக்காது என்று தினமும் சொன்னேன். அப்பாவோ கேட்பது ஒன்றுதான்: "இன்னும் முடியலையா?" இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திருநகரில் எங்கள் வீட்டை ஒட்டிய ஷெட்டில் அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். ஒரு ஷாஃப்டில் முடி அளவு வித்தியாசம் இருந்தாலும் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு மறுபடி கடையும் மனிதர் அவர். இரும்பில் அம்புட்டுக் கறார் பார்ப்பவருக்குப் பிளாஸ்டிக் என்றால் மட்டும் இளக்காரமா?

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் வேலை முடிந்தது. மேல்பூச்சு வார்னிஷ் மட்டும் பாக்கி. மாமா ஏதாவது குறை சொன்னால் திருத்திவிட்டுப் பூசலாம் என்று விட்டுவைத்தேன். விமானத்தை முன் அறை மேசையில் வைத்து, தொடக் கூடாது என்று ஒரு தாளில் எழுதியும் வைத்தேன்.

மறுநாள் காலை நான் குளிக்கப் போனது கால் மணி நேரம். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தால் மேசை காலி.

பட்டறைக்கு ஓடினேன். கழுவித் துடைத்த லேத், துளை போடும் மிஷின், வாசலில் அப்பாவின் பைக், அம்மாவின் ஸ்கூட்டி எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும். அந்த வரிசையின் முடிவில், வாழையிலை மேல், என் விமானம். மூக்கில் ஒரு பொட்டு, இரண்டு இறக்கையிலும் ஒவ்வொன்று, வாலில் ஒன்று. சந்தனத்தின் ஈரத்தில் இறக்கை ஸ்டிக்கர் கிளம்பிச் சுருண்டிருந்தது. அப்பா குத்தவைத்து உட்கார்ந்து, மூன்று சக்கரங்களுக்கு அடியிலும் எதையோ வைத்துக்கொண்டிருந்தார். பைக்குக்கும் ஸ்கூட்டிக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. விமானத்தின் சக்கரம் புளியங்கொட்டை அளவுதான் இருக்கும் என்பதால் விதை.

"ம், தள்ளுத்தா" என்றார் தங்கையிடம். அவள் சந்தோஷமாகத் தள்ளினாள். விதை வழுக்கியது. வலப்பக்கச் சக்கரக்கால் சட்டென்று முறிந்து விமானம் இறக்கை மேல் சாய்ந்தது.

நான் அழவில்லை. கத்தினேன். என்ன கத்தினேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. நாலு சென்டிமீட்டர் எலுமிச்சையை எழுபத்திரண்டால் வகுத்தால் அரை மில்லிமீட்டர்தான் வரும், கசகசாவில் பாதி, விதை ரொம்பப் பெரிது என்று கத்தினேன். பொட்டு இரண்டு மில்லிமீட்டர் இருந்தது. நிஜ விமானத்தில் அது டிபன் தட்டு அளவு வரும், அந்த அளவுக்கு எந்த ஊரில் பொட்டு வைப்பார்கள் என்றும் கேட்டேன். அப்பா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, "ஏய், கசகசா இருக்கா பாரு" என்றார்.

அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

மாமா பன்னிரண்டு மணிக்கு வந்தார். பையை இறக்கும் முன்பே அவர் கையில் நோட்டைக் கொடுத்தேன். இருபத்து மூன்றையும் படித்தார். விமானத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அடிவயிறு வரை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரே ஒரு தப்புத்தா" என்றார். "எங்க பிளேன் இம்புட்டுச் சுத்தமா இருந்ததே இல்ல. எஞ்சினுக்குப் பின்னாடி எண்ணெ வழிஞ்சிருக்கும், ஒட்டுப் போட்ட இடம் தெரியும். நீ செஞ்சது கல்யாணப் பொண்ணு மாதிரில்ல இருக்கு."

அதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லவே இல்லையே! போனில் பார்த்த படங்கள் எல்லாம் பளபளவென்றுதானே இருந்தன. உடைந்த காலைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, சுத்தமாகச் செய்ததற்குக் குற்றப்பத்திரிகை. நான் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். தங்கையிடமும் விசாரித்துக் காலையிலேயே நான் எழுதிவைத்த, அப்பா செய்த தவறுகளின் பட்டியல் அதில் இருந்தது. மாமா பொரியை மென்றுகொண்டே உரக்கப் படித்தார். அப்பா எதிரே அமர்ந்திருந்தார்.

"ஒண்ணு, பொட்டின் அளவு தவறு. மாப்ள, கேட்டுக்கங்க. ஆனா பிளேன் நிறுத்துற எங்க ஹேங்கர்லயும் வைப்போம்த்தா, மூக்குல மட்டும். ரெண்டு, விதையின் அளவு தவறு. ஆமா, தவறுதான். மூணு, என்னிடம் கேட்கவில்லை. நியாயந்தான மாப்ள?"

"நியாயந்தான்" என்றார் அப்பா.

"நாலு," மாமா தொடர்ந்தார். "தங்கை தன் பொம்மைக் காரையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். மெசினுக்குத்தான் பொட்டு, இது வெளாட்டுச் சாமான் என்று சொல்லி அப்பா அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். என் விமானத்தை மட்டும் வரிசையில் வைத்தார். இது ஓரவஞ்சனை."

மாமா படிப்பதை நிறுத்தினார். மெல்லுவதையும் நிறுத்தினார். அப்பாவைப் பார்த்தார். அப்பா குனிந்து, பொரியில் கடலையைத் தேடிக்கொண்டிருந்தார். மாமா நோட்டை மூடி, இரண்டு கையாலும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

வழக்கில் நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். அந்த நாலாவது குற்றம்தான் மாமாவின் வாயை அடைத்திருக்கிறது, அவ்வளவு பெரிய அநியாயம் அது என்ற தெம்பில், அடுத்த இரண்டு நாளும் அப்பாவோடு நான் பேசவில்லை.