கிளட்ச் பிடித்துக்கொண்ட மத்தியானம்

எங்கள் வீட்டில் அப்பா புத்தகமும் கையுமாக இருந்து நான் பார்த்ததில்லை. அவர் படிப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் கடற்கரை ரோட்டுக்குப் போக வேண்டும். எண்ணூரிலிருந்து துறைமுகத்து கேட் வரைக்கும் கண்டெய்னர் லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நின்ற ரோடு அது. ஒரு பக்கம் கருங்கல்லும் கடலும், இன்னொரு பக்கம் எங்கள் திருவொற்றியூர். காலையில் லைனில் சேர்ந்த வண்டி கேட்டைத் தொட மறுநாள்கூட ஆகும். அந்த லாரிகளில் ஒன்றின் டிரைவர் சீட்டில், ஸ்டியரிங் மேல் புத்தகத்தைச் சாய்த்துவைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருப்பார்.

அம்மாவுக்கு அந்த லைனைக் கண்டாலே ஆகாது. "தெருமுனையாண்ட வண்டி நிக்கிது, வூட்டுக்கு வர முடியலியாம். கட்டிகினவன் துபாய்ல இருந்தாக்கூட மனசு ஆறிடும்" என்பாள். வண்டியை விட்டு இறங்கி வர முடியாதுதான். முன்னால் இருக்கும் லாரி நகர்ந்தால் உடனே நாமும் நகர வேண்டும். கொஞ்சம் சந்து விட்டால் பக்கத்திலிருந்து வேறொருவன் மூக்கை நுழைத்துவிடுவான்; அவன் பின்னாலேயே நாலு பேர். அதனால் தூங்குகிற டிரைவர்கள்கூட ஒரு காதைத் திறந்துவைத்துக்கொண்டுதான் தூங்குவார்கள்.

அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். கண்டெய்னர் சரிந்து விழுமோ, பிரேக் பிடிக்காத வண்டி வந்து முட்டுமோ, கேரியர் திறந்து குழம்பு கொட்டுமோ. இப்போதும் அப்படித்தான். பாதி தெரு போனபிறகு, கேஸ் மூடினேனா என்று திரும்பி வருகிறவள் நான்.

அந்த லைனில் படிக்கிற டிரைவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது பழைய பேப்பர் கடையில் தடித்த நாவல் ஒன்றை வாங்கி வருவார்கள். அதை முழுசாக ஒருவரே வைத்துக்கொண்டால் மற்றவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதானே? பிளேடால் முதுகைக் கீறி நாலு பாகமாகப் பிரித்துவிடுவார்கள். முன்னால் இருப்பவர் முடித்த பாகம் பின்னால் வரும். இப்படிக் கதை லாரி லாரியாகக் கைமாறிக்கொண்டே இருக்கும். ஒரே தொல்லை, முன்னால் இருப்பவர் கேட்டுக்குள் போய்விட்டால் கதையின் மிச்சமும் அவரோடு உள்ளே போய்விடும்.

அன்று நான் போனபோது அப்பா மூன்றாம் பாகத்தை முடித்துவிட்டிருந்தார். சோற்றைப் பிசைந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை. கண்ணெல்லாம் முன்கண்ணாடியில். கடைசிப் பாகம் அவருடைய தோஸ்து ஒருவரிடம் இருந்தது. நான் அவரைத் தாடி மாமா என்பேன். அவருடைய நீல வண்டி தூரத்தில், கேட்டுப் பக்கம் திரும்பும் வளைவை நெருங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று வரிசையாக என்ஜின்கள் உறுமின. லைன் நகரப் போகிறது.

"அம்மாடி, ஓடு. தாடி மாமாவாண்ட புக்க வாங்கியா. அந்தப் பொண்ணு இன்னா ஆச்சுன்னு தெரியாம அப்பாவுக்குச் சோறு எறங்கலன்னு சொல்லு."

"எந்தப் பொண்ணுப்பா?"

"கதைல வர்ற பொண்ணுமா. ஓடு ஓடு!"

கடல் பக்கமாகவே ஓடினேன். தாடி மாமா உதட்டை அசைத்து அசைத்துப் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா? ரெண்டு பக்கம்தான் கீது, இரு கண்ணு" என்றார். பின்னால் இருந்த வண்டிக்காரர் ஹாரனை அமுக்கிப் பிடித்தார்.

"யோவ் தாடி! படிக்கணும்னா லைப்ரரிக்குப் போயேன்யா!"

"போறேன், என் வண்டிய நீ வந்து ஓட்டு!"

ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் புத்தகம். வண்டி ஊர்ந்தது. என்னைவிட உயரமான சக்கரத்துக்குத் தள்ளி, காலைப் பார்த்துப் பார்த்து வைத்தபடி கூடவே நடந்தேன். வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் அவர் மூக்கை உறிஞ்சி, தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாகத்தை ஜன்னல் வழியாக நீட்டினார். "இந்தா. துண்டு எடுத்து வச்சிகினு படிக்கச் சொல்லு உங்க நைனாவ."

திரும்பி ஓடிவந்தபோது எல்லா லாரிகளும் எனக்கு எதிரே நகர்ந்து வந்துகொண்டிருந்தன, அப்பாவுடையதைத் தவிர. அது விட்ட இடத்திலேயே நின்றது. அதற்கு முன்னால் ஒரு கல்யாணமே நடத்தலாம் போல அவ்வளவு காலி. அதில் ஒவ்வொரு லாரியாக நுழைந்துகொண்டிருந்தது. பின்வண்டி டிரைவர் இறங்கி வந்து கதவைத் தட்டினார்.

"இன்னா மாமே, தூங்கிட்டியா? வர்றவன் போறவன்லாம் பூந்துகினு கீறான், நீ பாத்துகினு கீற!"

"கிளட்ச் புடிச்சிகிச்சுபா" என்றார் அப்பா. "நீ ஒடிச்சிகினு முன்னாடி போ."

"ஒரே பேஜாரு வண்டி" என்று திட்டிக்கொண்டே அவர் ஸ்டியரிங்கை ஒடித்துத் தன் லாரியை முன்னால் கொண்டுபோனார். அப்பா புத்தகத்துக்காகக் கையை நீட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்ப இன்னிக்கும் வூட்டுக்கு வர மாட்டியாப்பா?"

"நாளிக்கு வந்துர்றேன் கண்ணு." சொல்லும்போதே முதல் பக்கத்தில் இருந்தார். சோறு பாதி அப்படியே காய்ந்தது. காற்று பக்கத்தைத் தூக்க, அவர் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார்.

சாயங்காலம் டீ கொண்டுபோனபோது வண்டி நல்லபடியாக நகர்ந்துகொண்டிருந்தது. கிளட்ச் தானாகவே சரியாகிவிட்டது என்றார். கண் சிவந்திருந்தது. டீசல் புகை என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. நேராக எங்கள் தெரு அம்மன் கோயிலுக்குப் போய், அந்த கிளட்ச் இனிமேல் பிடிக்கக் கூடாது, அந்த லைன் ஒழிய வேண்டும், அப்பா தினமும் வீட்டுக்கு வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதில் நான் ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். இப்போது வண்ணாரப்பேட்டையில் ரெடிமேட் தைக்கும் இடத்தில் வேலை. காலையில் தண்ணி, சமையல், பிள்ளையை ஸ்கூலுக்குக் கிளப்புவது. ராத்திரி புத்தகத்தைப் பிரித்தால் ரெண்டு வரியில் கண் சொருகும். எனக்கென்று கிடைப்பது மெட்ரோதான். திருவொற்றியூரில் ஏறினால் வண்ணாரப்பேட்டை வரை. மூச்சுவிடுவதற்குள் வந்துவிடுகிறது. உட்கார இடம் கிடைத்தால் ரெண்டு பக்கம் சேர்த்துப் படிக்கலாம்.

போன மாதம் ஒருநாள் என் ஸ்டேஷன் வந்தது, அத்தியாயம் முடியவில்லை. கதவு திறந்தது, நான் எழுந்திருக்கவில்லை. கதவு மூடிக்கொண்டது. ரெண்டு ஸ்டேஷன் தள்ளி இறங்கித் திரும்பி வந்தேன். "இன்னாமா லேட்டு?" என்றார் சூப்பர்வைசர் அம்மா. "ட்ரெயின் நடுவுல நின்னுடுச்சு மேடம்" என்றேன். அதைச் சொல்லி வாய் மூடவில்லை, எனக்கு அந்த கிளட்ச் ஞாபகம் வந்தது. தையல் மெஷினில் உட்கார்ந்தும் ரொம்ப நேரம் பெடலை மிதிக்கவில்லை. அப்பாவிடம் கேட்டுச் சிரிக்கலாம் என்றால் அவர் போய்ச் சேர்ந்து வருஷமாகிறது.

அம்மனிடம் வைத்த என் வேண்டுதல் அந்தக் காலத்திலேயே பலித்தது. நான் எட்டாவது வந்தபோது ரோட்டை அகலப்படுத்தினார்கள், கேட்டிலும் ஏதேதோ மாற்றினார்கள். ஒருநாள் கேரியரோடு போனால் ரோடு துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. கடல் நேராகத் தெரிந்தது. கேரியரை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். பொழுது சாய்வதற்குள் அப்பா வீட்டு வாசலில் நின்றார். அக்குளில் ஒரு நாவலின் முதல் பாகம்.

"இன்னாப்பா, லைனே இல்லியா?"

"இல்லம்மா. நேரா உள்ள வுட்டுட்டான். இனிமே டபுள் ட்ரிப்பாம்."

"ஜாலிதானப்பா?"

பாகத்தைப் பரண்மேல் வைத்தார். "ஜாலிதான்" என்றார்.

அம்மா சூடாகத் தோசை வார்த்துப் போட்டாள். விடியற்காலையில் அடுத்த ட்ரிப் என்று சாப்பிட்ட கையோடு படுத்துவிட்டார். நான் கற்பூரம் வாங்கிக்கொண்டு அம்மன் கோயிலுக்கு ஓடினேன்.