வெறுங்கையைக் காட்டியவர்

விழுப்புரத்தில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு அறுபது வயதிருக்கும். மடிப்புக் கலையாத சட்டை, ஒட்ட வெட்டிய நகங்கள். திண்டிவனத்துக்கு டிக்கெட் வாங்கிப் பையில் போட்டதும் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, திருப்பி, மறுபடி விரித்துக் காட்டினார்.

"இன்னா சார், ரேகை பாக்கணுமா?" என்றார் நடத்துநர்.

பேருந்தே சிரித்தது, அவரும் சிரித்தார். "பழக்கம் உடமாட்டேங்குதுங்க," என்றார் என்னிடம். வெளிநாட்டில் அரசாங்கமே நடத்திய சூதாட்ட விடுதியில் சீட்டுப் போடுகிற வேலையாம். மேசையை விட்டு எழும்போதெல்லாம், எதையும் ஒளிக்கவில்லை என்று தலைக்கு மேலிருக்கும் கேமராவுக்கு இப்படிக் காட்ட வேண்டுமாம்.

"தொறந்தப்போ மந்திரியே வந்து ரிப்பன் வெட்டுனாருங்க. அந்தக் காசுலதான் ரோடு, பள்ளிக்கூடம்னாங்க. அப்பால எல்லாரும் போன்லயே ஆட ஆரம்பிச்சிட்டாங்க. மேசைங்க காலியாச்சு, கவர்மெண்டே பூட்டிடுச்சு."

"இப்போ திண்டிவனத்துல?"

"பொண்ணு வூடு. மாப்ள போன்ல ரம்மி ஆடிக்கினே கீறாரு. மீதியிருக்கிற, மல்லாட்டை வெதைக்கிற கொல்லைய இன்னிக்கு வித்துடப் போறாராம். தடுக்கத்தான் போறேன்."

"நீங்க எடுத்துச் சொன்னா கேப்பாருங்க."

"இன்னான்னு சொல்றதுங்க? தோத்தவன் எதிர்ல உக்காந்துக்கினு இருப்பான். 'அடுத்த ஆட்டம் போடலாமா, சார்?'னு கேப்பேன். அவன்கிட்ட அது ஒன்னுதான் எனக்குப் பேசத் தெரியும்."

திண்டிவனத்தில் இறங்கியவர் உடனே நடக்கவில்லை. பேருந்து நகரும்போது ஜன்னல் வழியே பார்த்தேன். கூட்டத்துக்கு நடுவே நின்றபடி, யாரோ எதிரில் இருப்பதுபோல் மெல்ல ஏதோ சொல்லிப் பார்த்தார்; சரியில்லை என்று தலையை அசைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.