வெள்ளையில் ஆளில்லை

குவோ யூச்சின் பதினாறு வருடமாக மழை வரவைக்க மேகத்தைச் சுடுகிறவள். சீனாவில் ஷான்சி மலைமேல் நிற்கும் ஒற்றைப் பீரங்கிக்கு அவள்தான் தலைவி. குண்டு எடுத்துக் கொடுக்க ஐமெய் என்றொருத்தி. மழை பெய்தால் காயப்போட்ட மிளகாய் போச்சென்று ஊர் அவளைத் திட்டும். பெய்யாவிட்டால் பக்கத்து மாவட்டத்தார் மேகத்தை மறித்தபோது இவள் குறட்டை விட்டாள் என்று திட்டும். அவளும் யாரையும் சும்மா விட்டதில்லை.

அந்த வருடம் கீழே அணை மூன்றாவது கோடையாக வற்றிக் கிடந்தது. நகரத்துக் குழாய்க்கான தண்ணீர்த் திட்டத்தில் பீரங்கி மழைக்கும் ஒரு பங்கு எழுதி வைத்திருந்தார்கள், என்னவோ மேகம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. முப்பது வருடத்துக்கு முன் அணை விழுங்கிய அவளுடைய அப்பாவின் நிலம் வெளியே தெரிந்தது. தம்பி மான்தாங் யாரையும் கேட்காமல் அதில் உருளைக்கிழங்கு போட்டான். மேட்டில் அவனுடைய ஆப்பிள் மரங்கள் பட்டுப்போயிருந்தன. குளிர்காலத்துக்கு அவன் வீட்டில் அந்தக் கிழங்கை விட்டால் வேறு சாப்பாடில்லை.

பீரங்கிக் கொட்டகைச் சுவரில் சுற்றுப்புறத்தைக் காட்டும் ஒரு வட்ட வரைபடம் உண்டு. ஆள் இருக்கும் இடம் சிவப்பு. அங்கே குண்டுச் சில்லு விழக்கூடாது. ஆளில்லாத இடம் வெள்ளை. அணை முழுக்க வெள்ளை. சுடுமுன் மாவட்ட அலுவலகத்துக்குப் போன் செய்து, வெள்ளையில் ஆளில்லை என்று சொல்ல வேண்டும். வானத்தில் விமானம் இல்லாத ஒன்றிரண்டு நிமிடத்தை அவர்கள் ஒதுக்கித் தருவார்கள்.

இது மான்தாங்குக்கும் தெரியும். நிலம் மூழ்காமல் இருக்க வெள்ளையில் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மேகம் கூடும்போதெல்லாம் வயலில் கம்பு நட்டு, சிவப்புப் போர்வையைக் கட்டிவிட்டு, சோளத்தட்டைக் குடிசைக்குள் படுத்துக்கொள்வான். உண்மையைச் சொன்னால் அதிகாரிகள் வயலையே அழித்துவிடுவார்கள். அதனால் இரண்டு முறை பீரங்கி மக்கர் என்று யூச்சின் பொய் சொன்னாள். மூன்றாம் முறையும் மக்கர் என்றால் வேறு ஆள் வருவார் என்றது அலுவலகம்.

அந்த வாரமே ஐமெய் ஒரு செய்தி கொண்டுவந்தாள். போர்வை வயலில் பறக்கிறது. மான்தாங்கோ வீட்டில் நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருக்கிறான். யூச்சினுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேரே அவன் வீட்டுக்குப் போனாள்.

"ஏன்டா, ஒரு போர்வையக் காட்டியே என்னைப் பைத்தியக்காரியாக்கிட்டல்ல?"

"பத்து நாள் பொறுத்துக்கோக்கா. கிழங்கு முத்திரும். அப்புறம் நீ கடலையே இறக்கு."

"அடுத்த தடவை சுடுவேன். நீ போர்வையக் கட்டு, கால்சட்டையக் கட்டு, எனக்கென்ன."

"நீயா? உனக்கு வாய்தான்க்கா," என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பை அவளால் மறக்க முடியவில்லை.

ஆறாம் நாள் மத்தியானம் மேகம் திரண்டது. போர்வையும் ஏறியது. இறங்கிப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று ஐமெய் கேட்டாள். போய்வர ஒரு மணி நேரமாகும்; மேகம் நிற்காது. யூச்சின் தம்பிக்குப் போன் போட்டாள்.

"வயல்லதான் இருக்கேன்," என்றான். "எங்க, சுடு பாப்போம்."

நூடுல்ஸ் வாயோடுதான் பேசுகிறான் என்று அவளுக்குத் தோன்றியது. போனை வைத்துவிட்டு அலுவலகத்தைக் கூப்பிட்டு, வெள்ளையில் ஆளில்லை என்றாள். ஒன்றரை நிமிடம் கொடுத்தார்கள். இருபது குண்டு போட்டாள். பத்தொன்பது மேகத்தில் வெடித்தன. ஒன்று மேலே வெடிக்காமல் போய்க் குடிசையில் விழுந்து வெடித்தது.

மழை அரை மணி நேரம் தூறியது. அணையில் ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. பணி வெற்றி என்று அலுவலகம் எழுதியது. அந்தக் குடிசை அங்கே இருக்கவே கூடாது என்றும் சேர்த்து எழுதியது.

மான்தாங்கைப் புதைத்துப் பத்து நாள் கழித்து அவன் மனைவி தனியாளாக வயலைத் தோண்டினாள். ஒரு சட்டிக் கிழங்கை அவித்து யூச்சின் வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"தண்ணி வயல் பக்கமே வரல. எல்லாம் நல்லா வெளஞ்சிருக்கு. தின்னுங்க."

யூச்சின் கடைசிக் கிழங்கைத் தின்று முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு, காலிச் சட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.