மூணாவது வரி

மைக்செட் வாடகைக்கு விடறது என் தொழில். விருத்தாசலத்துல பீங்கான் பொம்மைத் தொழிலாளிங்க கூட்டம். கம்பெனி மொதலாளியோட மகனே அவங்களுக்காகப் பாட்டெழுதி எடுத்துக்கிட்டு மேடையேறினார்.

"எங்க வூட்டு பொம்மை வெளுப்பெல்லாம்
உங்க நெஞ்சுல அடைஞ்ச தூசு..."

மொதலாளி வூட்டு விசேஷத்துக்கெல்லாம் என் மைக்செட்தான். அவரோட மேனேஜர் ஓரமா நின்னு எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் மைக் வயரைப் பிடுங்கிட்டேன்.

பாடினவர் இறங்கி வந்து, "கரண்டு போயிடுச்சாண்ணே?"ன்னு கேட்டார்.

"ஆமாங்க தம்பி."

மேடையில டியூப்லைட் எரிஞ்சிக்கிட்டிருந்துச்சு. அதை அண்ணாந்து பாத்தார். பாட்டுத்தாளை மடிச்சு சட்டைப்பையில வச்சிக்கிட்டுப் போயிட்டார். அதுக்கப்புறம் அவர் எங்கயும் பாடலை.

இப்பவும் எந்த ஊர்ல மைக்கைத் தட்டிப் பாத்தாலும் அந்த ரெண்டு வரி காதுல கேக்குது. மூணாவது வரி வருமான்னு ஸ்பீக்கர் பக்கத்துலயே நிக்கிறேன்.