அப்பாவின் பீரோவில் இருந்த மெயில்

தாளின் இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை. அந்தக் காலத்துப் பிரிண்டரில் வந்ததை அப்படியே கிழித்துக் கொடுப்பார்கள். பொறுமை இருப்பவர்கள் ஓரத்தைப் பிய்த்துக்கொள்வார்கள். இதை யாரும் பிய்க்கவில்லை. நான்காக மடிந்து, அப்பாவின் பீரோவில், போர்வெல் போடும் ரிக் வண்டியின் பழைய பெர்மிட்டுகளுக்கு நடுவில் இருந்தது. போன தை மாதம் தோட்டத்துப் பத்திரம் தேடப்போய் கையில் சிக்கியது. அச்சு மங்கி இங்கிலீஷ் வரிகள் பாதி தெரியவில்லை. மேலே பேனாவில் எழுதியிருந்த தமிழ் மட்டும் பளிச்சென்று இருந்தது. "பாப்பாவுக்கு வேலை கெடச்சிருச்சுங்க. வர்ற திங்கக்கெழம மெட்ராஸ்ல சேரணுமாம். இன்னைக்கே சொல்லிருங்க." அந்தப் பாப்பா நான்தான். அந்த வேலைக்கு நான் போகவில்லை. கையெழுத்து சென்டர் அக்காவுடையது என்று பார்த்ததுமே தெரிந்தது. பீரோ முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

திருச்செங்கோட்டில் இன்டர்நெட் வந்த புதிது அது. எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு பிரவுசிங் சென்டர், ரிக் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மாடியில். கீழே கிரீஸ் நாற்றம், மேலே ஏசிக் குளிர். நாலு கம்ப்யூட்டர், பிளைவுட் தடுப்பு, வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகள். நடத்தியவள் அம்மாபேட்டை நெசவுக் குடும்பத்துப் பெண். சேலத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு எங்கள் ஊருக்குக் கல்யாணமாகி வந்தவள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். ஊருக்கே அவள் சென்டர் அக்காதான். போன் லைனில்தான் நெட் வரும். மோடம் கீச்சிட்டுக் கரகரத்து ஓய்ந்தால் லைன் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். பரீட்சை ரிசல்ட் அன்று கூட்டம் படிக்கட்டில் இறங்கித் தெருவுக்கு வந்துவிடும். மார்க் பக்கம் மேலிருந்து கீழே இறங்கி முடிப்பதற்குள் பெற்றவர்கள் கைலாசநாதரிலிருந்து குலதெய்வம் வரை ஒரு சுற்று வேண்டி முடித்திருப்பார்கள்.

மெயில் என்றால் தபால். எங்கள் ஊர் அப்படித்தான் புரிந்துகொண்டது, அக்காவும் அப்படித்தான் நடத்தினாள். எல்லாருடைய பாஸ்வேர்டும் அவளுடைய நீள நோட்டில் இருக்கும். காலையில் ஒரு தடவை லைன் போட்டு ஒவ்வொருவர் பெட்டியாகத் திறப்பாள். வந்ததைப் பிரிண்ட் எடுத்துவிட்டுப் பெட்டியைக் காலி செய்துவிடுவாள்; அப்போதெல்லாம் பெட்டி சின்னது, நாலு போட்டோ வந்தாலே நிறைந்துவிடும். ஆம்பளைகள் வந்து வாங்கிக்கொள்வார்கள். கல்யாணமாகாத பெண்களுக்கு வந்தது மட்டும் அவரவர் அப்பா கைக்குப் போகும். தபால்காரரும் அப்படித்தானே கொடுத்துக்கொண்டிருந்தார். நோட்டில் என் பெயருக்கு நேராக அப்பா பெயரை எழுதியபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. எம்.சி.ஏ. படித்த பெண், என் தபால் என் கைக்கு வரட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த முட்டாள்தனத்தில் எனக்கும் சரிபாதிப் பங்கு உண்டு.

சேலத்தில் நடந்த இன்டர்வியூவில் எங்கள் வகுப்பில் என்னையும் சேர்த்து ஆறு பேரைப் பிடித்துப்போயிருந்தது. முடிவு மெயிலில் வரும் என்றார்கள். நான் தினமும் மத்தியானம் சென்டருக்குப் போய் என் பெட்டியை நானே திறந்து பார்த்தேன். காலி. அக்கா ஒவ்வொரு நாளும் என் முகத்தையே பார்ப்பாள், ஏதோ கேட்க வந்து நிறுத்திக்கொள்வாள். சாயங்காலம் அப்பா ரிக் ஆபீஸிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டே கேட்பார். "என்ன அம்முணி, மெயிலு ஏதாச்சும் வந்துச்சா?" "இல்லீங்கப்பா." "வரும் வரும். எங்க போகப்போகுது." டவலால் முகத்தைத் துடைத்தபடி, எவ்வளவு ஆறுதலாகச் சொல்வார். அதை நம்பித்தான் அந்த நாட்களில் சோறு இறங்கியது.

பத்து நாள் கழித்து கூடப் படித்தவள் மெட்ராஸிலிருந்து போன் செய்தாள். "ஏன்டி நீ வரல? எங்களுக்கு வந்த அன்னைக்கே உனக்கும் மெயில் போட்டாங்களாமே." அப்பா கைக்கு வந்திருந்தால் தினமும் என்னைக் கேட்பாரா, அக்காதான் பிரிண்ட் எடுக்காமல் அழித்திருக்கிறாள் என்று முடிவுகட்டி, போனை வைத்துவிட்டு நேராக சென்டருக்குப் போனேன். அன்று நான் பேசியதை இப்போது எழுதவே கூசுகிறது. பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் வாழ்க்கையை அழித்துவிட்டாய், பிழைக்க வந்த ஊரில் அடுத்தவள் நன்றாக இருப்பது பொறுக்கவில்லையா என்று கேட்டேன். அவளுடைய சாதியை மட்டும்தான் இழுக்கவில்லை. அதுவும் நாக்கு நுனி வரை வந்தது. அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். நோட்டை ஒரு தடவை பார்த்தாள். "உக்காருங்க சாமி, தண்ணி குடிங்க" என்றாள். அவ்வளவுதான். தப்பு செய்தவள் வேறென்ன பேசுவாள் என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

அதோடு விட்டேனா? கல்யாண வீடு, கோவில், பஸ் என்று போகிற இடமெல்லாம் சொன்னேன். அவளிடம் மெயில் வைத்துக்கொள்ளாதீர்கள், அழித்துவிடுவாள். பெண் பிள்ளைகள் போவது நின்றது. பிறகு அவர்களுடைய அண்ணன் தம்பிகளும் நின்றார்கள். அடுத்த வருஷம் சென்டரை மூடிவிட்டு அவள் குடும்பத்தோடு சேலத்துக்கே போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையைத்தான் சொல்கிறேன், நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் எனக்கும் கல்யாணமாகி நாமக்கல் வந்து, கோழிப்பண்ணைத் தீவனச் சாக்குகளுக்கு நடுவில் என் எம்.சி.ஏ. உட்கார்ந்திருந்தது.

தாள் கிடைத்த மறுவாரம் விசாரித்துக்கொண்டு போனேன். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஜெராக்ஸ் கடை. உள்ளே ஆதார், பட்டா, சான்றிதழ் என்று எல்லாம் பதிவு செய்து தரும் கவுண்டரில் அக்கா உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. வரிசையில் நின்று என் முறை வந்ததும் தாளைக் கண்ணாடிக்கு அடியில் நீட்டினேன். படித்தாள். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"குடுத்த மறுநாளே உங்கப்பா வந்தாருங்க. பாப்பாவுக்கு மாப்ள பேசிட்டிருக்கறோம், மெட்ராசெல்லாம் சரிப்படாது, நீ வாயத் தொறக்காதேன்னாரு. பெத்தவரு பாத்துச் சொல்லிக்குவாருன்னு இருந்துட்டேன்."

"அன்னைக்கு நான் அவ்வளவு பேசினப்பவாச்சும் சொல்லியிருக்கலாமேக்கா?"

"நீங்க எங்கீங்க கேட்டீங்க? கத்துனீங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனுங்க." தாளை மடித்து என்னிடமே தள்ளினாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "பின்னாடி ஆளுக நிக்கறாங்க சாமி" என்றாள். நகர்ந்துகொண்டேன். பஸ் ஸ்டாண்டு வந்து சேரும்வரை அழுதேன். அந்த அழுகையால் அவளுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

அப்பா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார், கண் சரியாகத் தெரிவதில்லை. அவரைக் குளிப்பாட்டுவதும் மாத்திரை கொடுப்பதும் நான்தான். அவரிடம் இன்னும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். "இப்ப என்ன கொறஞ்சு போச்சு உனக்கு?" அதைக் காதால் கேட்டுவிட்டு மறுநாள் அவருக்குச் சோறு போட என்னால் முடியாது. பேரன்தான் அவருடைய உயிர். என் மகன் கனடாவில் வேலை பார்க்கிறான், கம்ப்யூட்டர் வேலைதான். அவனை அவ்வளவு தூரம் அனுப்ப என் வீட்டுக்காரர் தயங்கியபோது, "பையனைப் பூட்டியா வெப்பீங்க, போகட்டும் உடுங்க" என்று சண்டை போட்டவர் அப்பாதான். வாரத்துக்கு ஒரு நாள் அவன் அப்புச்சிக்கென்று வீடியோ பேசி அனுப்புவான். கண் தெரியாத மனிதர் என்பதால் அது என் போனுக்கு வரும். நான்தான் காதருகில் வைத்துப் போட்டுக் காட்டவேண்டும். இந்த வீட்டுத் தபால் இப்போது என் கைக்குத்தான் வருகிறது.

நேற்று மத்தியானம் வந்தது. மூன்று நிமிஷ வீடியோ. வீட்டுக்கு வெளியே பனி கொட்டுவதைக் காட்டி, "அப்புச்சி, அடுத்த மாசம் வாரேனுங்க" என்று அவரை அழைத்துப் பேசியிருந்தான். இரண்டு தடவை பார்த்தேன். சாயங்காலம் அப்பா முகம் கழுவிக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். டவலை அவரிடம் நான்தான் கொடுத்தேன்.

"என்ன அம்முணி, பையன் ஏதாச்சும் போட்டானா?"

ஓட்டை ஓரத் தாள் மேசைமேல் கிடந்தது. போனை அதன்மேல் கவிழ்த்து வைத்தேன்.

"இல்லீங்கப்பா. வரும் வரும். எங்க போகப்போகுது."